டன்லப் ஸ்ட்ரீட் மாடியில் தோற்கும் கும்பெனி

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடையில் கிழக்கிந்தியக் கும்பெனி ஜெயிப்பதே இல்லை என்று ஒரு வதந்தி. என் காதில் போட்டவர் அந்த மாடிக்குக் கீழே பூக்கடை வைத்திருக்கும் ரத்தினம்மா. "பகடையில ஈயம் வச்சிருக்காங்களாம் லா. எனக்கென்ன தெரியும், நான் பூக் கட்டுறவ" என்று சொல்லிவிட்டு, தெரிந்ததற்கும் கொஞ்சம் மேலேயே சொன்னார். அவரையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு படியேறினேன்.

மேலே நிஜமாகவே ஒரு போர்க்களம். பழைய காலனிப் போர்களை மேஜைமேல் மறுபடி நடத்தும் பொழுதுபோக்குக்காரர்களுக்கான கடை அது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், அவர்களுக்குச் சட்டை தீட்டப் பெயிண்ட், மயிரிழைத் தூரிகை, பொட்டலம் பொட்டலமாகப் போலிப் புல், எந்தப் பட்டாளத்துக்கு எந்த நிறக் காலர் என்று சண்டை மூட்டும் தடித்த புத்தகங்கள்.

கடைக்காரர் ருக்கையா. ஐம்பதைத் தாண்டியவர். இந்த இடத்தின் முன்பாதியில் முன்பு ரவிக்கையும், பாஜு குரோங் என்ற மலாய் உடையும் தைத்துக்கொண்டிருந்தார். பின்பாதியில் பொம்மைச் சிப்பாய் விற்ற தம்பி ஸைஃப், "ரெண்டு மாசம் பாத்துக்க லாத்தா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பெர்த் நகரத்துக்குப் போனார். போனவர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். பெட்டிகளோடு மாட்டிக்கொண்ட ருக்கையா, வாடிக்கையாளர்கள் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று புரிவதற்காக அந்தப் புத்தகங்களைப் படித்தார். பிறகு அவரும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். தையல் இயந்திரம் மூலைக்குப் போயிற்று.

வதந்தியைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை.

"தைச்சப்ப துணியத் திருடுறேன்னாங்க. இப்ப போரத் திருடுறேங்கிறாங்களா?"

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை மதியம் இங்கே கூடும் ஒரு குழுதான் கடையின் உயிர். குழுத் தலைவர் நடேசன், கப்பல் பட்டறை எஞ்சினியர், பொங்கோல்வாசி. பகடையில் கள்ளம் உண்டென்று தெரிந்தால் கிழக்கே ஏர்கான் குளிரோடு இருக்கும் வேறு கடைக்கு எல்லோரும் மாறிவிடுவோம் என்று சொல்லியிருந்தார். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் இது. குழு போனால் ருக்கையா கையெழுத்துப் போட முடியாது.

நடேசனையும் சந்தேகித்தேன். எப்போதும் கும்பெனிப் படையை நடத்துபவர் அவர்தான். வருஷக் கணக்கில் தீட்டிய சிவப்புக் கோட்டுகளைத் தவிர அவரிடம் வேறு படை கிடையாது. தோற்கிறவருக்குப் பகடைமேல் கோபம் வருவது புதிதல்ல.

நானும் ருக்கையாவும் ஒரு கிளாஸ் தண்ணீரில் உப்பை அள்ளிக் கொட்டிக் கலக்கி, கடையின் பகடைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டோம். ஈயம் வைத்த பகடை எப்படித் திருப்பினாலும் அதே முகத்தைக் காட்டும். இவை இஷ்டத்துக்குப் புரண்டன. யோக்கியமான பகடைகள். அதனால் என் சந்தேகம் கூடியது. பகடை யோக்கியமென்றால் வேறு ஏதோ அயோக்கியம்.

சனிக்கிழமை போய் ஓரமாக உட்கார்ந்தேன். பாளையக்காரர் கோட்டை ஜன்னல் பக்கம் மேஜையோடு ஒட்டப்பட்டிருந்தது. அதனால் பாளையக்காரர் படை என்றும் ஜன்னல் பக்கம், கும்பெனி என்றும் கதவுப் பக்கம். நகர்வதும் சுடுவதும் அங்குலக் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி டேப் உண்டு. ஒருவர் அளந்ததை மற்றவர் திருப்பி அளப்பது இவர்களிடையே பெரிய அவமரியாதை.

நடேசன் தன் பீரங்கியிலிருந்து கோட்டைச் சுவர்வரை அளந்தார். "இருபத்தஞ்சு. சே! எட்டாது." பீரங்கிக்கு எல்லை இருபத்து நாலு.

அடுத்த முறை கதிரேசனுடையது. செங்காங்கிலிருந்து வரும் மென்பொருள்காரர், கோட்டையின் நிரந்தரத் தளபதி. சுவரிலிருந்து அதே பீரங்கிவரை அளந்தார். "இருபத்து நாலு! கரெக்டா இருக்கு. பை பை, அண்ணே!" பகடை உருண்டது. கும்பெனிப் பீரங்கி கவிழ்ந்தது.

எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "போகும்போது இருபத்தைந்து, வரும்போது இருபத்து நாலா?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு டேப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். கதவுப் பக்கத்தது இரும்பு. ஜன்னல் பக்கத்தது ருக்கையாவின் பழைய தையல் டேப், இழுபட்டு இழுபட்டு நீண்டுபோன துணி. அதன் ஒவ்வோர் அங்குலமும் கொஞ்சம் கொழுத்திருந்தது. இத்தனை காலமும் பாளையக்காரர் கூடுதலாக நடந்து, கூடுதல் தூரம் சுட்டு வந்திருக்கிறார்கள்.

"சதி!" என்றார் நடேசன்.

"என்ன சதி? இதே டேப்ல உடம்ப அளந்தேன், இதே டேப்ல துணிய வெட்டினேன். யாருக்காச்சும் ரவிக்கை தொளதொளன்னு போச்சா?"

யோசித்தால் நியாயம்தான். ஒரே டேப் இருக்கும்வரை அது பொய் சொல்வது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அத்தனை வருஷம் டேப்பைக் கழுத்தில் போட்டிருந்தவருக்கு அதன் தளர்ச்சி கைக்குத் தெரியாதா? அதையும் கேட்டேன். கோப்பிக்குச் சீனி போடலாமா என்று கேட்டார். கும்பெனிமேல் அவருக்குத் தனிப்பட்ட பகை உண்டா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஒரே பாக்கெட்டில் வந்த இரண்டு புது இரும்பு டேப்புகளோடு அதே போர். கும்பெனி ஜெயித்தது. கதிரேசன் தன் டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதையும் நம்ப முடியாது லா."

"ஏர்கான் கடைக்கு எப்பப் போறீங்க?" என்று நடேசனைக் கேட்டேன்.

"எங்க போறது? இப்பதானே ஜெயிக்கவே ஆரம்பிச்சிருக்கேன்!"

திங்களன்று ருக்கையா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கடை பிழைத்தது. விவகாரம் முடியவில்லை.

"அக்கா, ஒரு மன்னிப்பு மட்டும் கேட்டுடுங்க. மறந்துடலாம்" என்றார் நடேசன்.

"நானா? ஈயம் வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு, அண்ணே? நீங்க முதல்ல கேளுங்க."

"டேப் உங்களோடது."

"வாய் உங்களோடது."

அதன் பிறகும் சனிக்கிழமை தவறாமல் நடேசன் வருகிறார், சிவப்புப் பெயிண்ட் வாங்குகிறார். ருக்கையா மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் கண்ணாடி மேஜைமேல் வைக்கிறார். அவர் அதை எடுத்துக்கொள்கிறார். இதை எழுதும்வரை இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.