கையைப் பார்த்தவள்

காய்ச்சலில் காது போன பிறகு மூன்று வருடம் நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. யாராவது பேசினால் குத்துமதிப்பாகத் தலையாட்டுவேன். தப்பான இடத்தில் ஆட்டி அவமானப்பட்டதும் உண்டு. அப்போதுதான் தேனியில் ஒரு வாசகர் வட்டம் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் போடுவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. கொலைக் கதை. பார்த்தே தீருவது என்று கிளம்பினேன்.

கணவர் செல்போனில் தட்டிக் காட்டினார்: "இங்கிலீசுப் படம். கீழ எழுத்தும் வராதாம். அங்கன போயி என்ன செய்யப் போற?"

"வர்றவுக பாதிப் பேருக்கும் இங்கிலீசு வெளங்காது. எனக்கு மட்டும் என்ன நட்டம்?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

படத்தில் ஒரு பணக்காரரை யாரோ சுட்டுவிடுகிறார்கள். அவர் மனைவி, டிரைவர், தொழில் கூட்டாளி என்று மூவர் மேலும் சந்தேகம். எல்லார் முகத்திலும் பாதி நிழல். இடைவேளையில், கொலைகாரர் யாரென்று கேட்கிறார்கள் எனக் கணவர் தட்டிக் காட்டினார். டிரைவருக்குத்தான் நிறையக் கைகள் உயர்ந்தன. நான் எழுந்து நின்றேன்.

"பொண்டாட்டிதான்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. திரும்பிப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். கணவர் முந்தானையை இழுத்தார். நான் உட்காரவில்லை.

"துக்கஞ் சொல்ல வந்தாகன்னா நாம மொதல்ல அவுக மூஞ்சியத்தான் பாப்போம். அந்தம்மா, சாவுச் சேதி சொல்ல வந்த போலீசுக்காரரு கையப் பாத்துச்சு. என்ன சிக்கிருச்சுன்னு தேடுச்சு. அழுகையெல்லாம் அதுக்குப் பெறகுதான்."

இரண்டாம் பாதியில், கணவனின் துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்துச் சுட்டது அவள்தான் என்று தெரிந்தது. விளக்குப் போட்டதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். போலீஸ்காரர் வந்து செய்தி சொல்லும் காட்சியை மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார் படம் போட்டவர். போட்டால்தான் போவேன் என்றேன். போட்டார்.

கண் இமைக்கும் நேரம்தான். அவள் கண்கள் போலீஸ்காரரின் கைக்குப் போய், முகத்துக்கு வந்து, பிறகு நிறைந்தன. பொய்யாக அழுகிறவளாக நடிக்க வேண்டும். அந்த அழுகையை மற்றவர்கள் நம்பவும் வேண்டும். இரண்டையும் ஒரே பார்வையில் செய்திருந்தார் அந்த நடிகை. முதல் தடவை தன் கண்ணில் படவே இல்லை என்று கணவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். நானே பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்தேன்.