கேமராவை அணைத்த பிறகு பேசினேன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாமல் போனதால்தான் எழுதுகிறேன்.

கம்பம் பக்கத்தில் ஒரு திராட்சைக் கொட்டகையில் வேலை செய்கிறேன். குலையில் வெடித்த பழத்தையும் அழுகிய பழத்தையும் கத்தரிக்கோலால் நறுக்கிப் போட வேண்டும். நல்ல பழத்தில் விரல் படக் கூடாது, மேலிருக்கும் வெண்பொடி போய்விடும். காம்பைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். அந்த வேலையில் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. பேச்சில்தான் குறை. யாராவது ஒன்று கேட்டால், அது உள்ளே போய்ப் பதில் வெளியே வர நேரமாகும். அதற்குள் அண்ணன் சொல்லிவிடுவார். ரேஷன் கடையானாலும் ஓட்டுச்சாவடியானாலும் என் பதில் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

நாற்பது வயதில் மதுரையில் ஒரு டாக்டரம்மா இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அதுவரை சனி தோஷம் என்று குச்சனூர் கோயிலில் எத்தனையோ சனிக்கிழமை எள் விளக்குப் போட்டிருந்தோம். அண்ணன் வெளியே வந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. என்னைப் போல வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

அடுத்த வருஷம் உள்ளூர் கேபிள் டிவியில் இதைப் பற்றி நிகழ்ச்சி எடுப்பதாகச் சொன்னார்கள். பேசப் போனவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். வளர்ந்தவன் ஒருவனும் இல்லை. நான் பேசுகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். நானாக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அவர் சொல்லி, கேபிள்காரர்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடானது. பதினைந்து நாள் பம்ப்செட் ரூமில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

வந்த அன்று, மைக் பிடித்தவர் முதலில் சிரித்தபடி, "சும்மா பேசுங்கண்ணே. காலையில என்ன சாப்பிட்டீக?" என்றார். பழகாத கேள்வி. பதிலைத் தேடினேன்.

"சரி விடுங்க. வயசு என்னண்ணே?"

கொஞ்சம் பார்த்தார்.

"இந்த நோயால உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் எதுண்ணே?"

அப்போதுதான் முதல் கேள்விக்குப் பதில் வந்தது. "இட்லி" என்றேன்.

கேமராக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, முன்னால் வந்தார். "தம்பிக்குப் பேச வராதுங்க. நான் சொல்றேன்." நல்ல எண்ணத்தில்தான் வந்தார். இருபது வருஷமாக எனக்குச் சோறு போட்டவர். அழுதபடியே பேசினார். பிறகு என் கையில் கத்தரிக்கோலையும் ஒரு குலையையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வயரைச் சுருட்டும்போது மூன்றாம் கேள்விக்குப் பதில் வந்தது. தரையைப் பார்த்தபடி சொன்னேன்:

"எனக்கு எல்லாம் வெளங்கும். பதில் வர நேரமாகும். அதுவரைக்கும் யாரும் நிக்க மாட்டேங்குறாக. அதான் கஷ்டம்."

மைக் பிடித்தவர் அப்படியே நின்றார். "அடடா, இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே! பேட்டரி முடிஞ்சுபோச்சு. இன்னொரு நாளு வந்து எடுத்துக்கிறோம்" என்றார்.

வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியில் இட்லிதான் வந்தது. அதற்குப் பின்னால் சோகமாகப் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள்.

மறுநாள் கொட்டகையில், "ஏலே, டிவிக்காரரு வர்றாருடா! எந்திரிங்கடா!" என்றான் ஒருவன். "இட்லிக்கு என்ன சட்னிண்ணே?" என்றான் இன்னொருவன். வழக்கம்போல நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கேபிள் ஆபீசுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை அங்கே இருந்தவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "வீட்டுல பெரியாளு யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் வந்தால் அவர்தான் பேசுவார்.

அதோடு விட்டுவிட்டேன். பழகி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் மறந்துபோனது. மிச்சத்தைச் சொன்னாலும் யார் நின்று கேட்கப் போகிறார்கள் என்று தோன்றுகிறது. இவ்வளவை எழுதவே எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

2010 ஜூலை 11.