தட்டில் செத்த புற்றுநோய்

சிங்கப்பூரின் பொங்கோலில் பகல் பதினோரு மணிக்கு மின்தூக்கியில் ஏறுபவர்கள் இரண்டே வகை: ஓய்வு பெற்றவர்கள், வேலை போனவர்கள். நான் மூன்றாவது வகை என்று பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவருக்கு விளக்கப் போய் வினையை இழுத்துக்கொண்டேன். "ஃப்ரீலான்ஸ், அங்கிள். சயின்ஸ் ரைட்டர்," என்றேன். அவருக்கு 'ஃப்ரீ' மட்டும் கேட்டிருக்கிறது. மறுநாள் கதவைத் தட்டி, தன் மருமகன் கடையில் கேஷியர் வேலை காலி என்றார். "டோன்ட் வொரி லா!"

திருச்சியில் அம்மாவுக்கும் இதே கவலைதான். மகள் கேன்சர் ஆராய்ச்சியில் இருக்கிறாள் என்றால் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைக்கும். வீட்டிலிருந்து எழுதுகிறாள் என்றால் அனுதாபம்தான் கிடைக்கும். பத்து ஆண்டுகள் கண்ணாடித் தட்டுகளில் புற்றணுக்களை வளர்த்தேன், கொன்றேன், அந்த வீரச் செயலை நாலு பேர் படிக்கும் ஆய்விதழ்களில் அறிவித்தேன். ஒரு நோயாளியைக்கூடச் சந்தித்ததில்லை. அந்த நாலு பேரைத் தாண்டியும் புரியும்படி எழுதலாமே என்று வெளியே வந்தேன். உலகம் என் விளக்கத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு நினைப்பு.

காத்திருந்தது ஒரு மூலிகைப் பானக் கம்பெனி. தஞ்சோங் பகார் அலுவலகத்தில் அதன் மேலாளர், தமிழில் ஒரு விளம்பரத் தாள் வேண்டும், 'புற்றணுக்களைக் கொல்லும்' என்ற வரி அவசியம் என்றார். ஆய்வகத் தட்டில் கொன்றிருக்கிறது, மனித உடம்பில் யாரும் சோதிக்கவில்லை என்றேன். "சேம் சேம் லா, டாக்டர்," என்றார். மறுத்துவிட்டேன். என் முதல் ஆலோசனைப் பணி இனிதே நிறைவடைந்தது.

அந்த வரியை வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஃபேரர் பார்க்கில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையின் கல்லாவில் அதே பானப் புட்டி நின்றது. கடைக்காரர் செல்வி அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

"மார்ல கட்டி. கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன நான்தான் போஸ்ட்போன் பண்ணிட்டேன். இதக் குடிச்சாலே செத்துடுமாம். தமிழ்லயே போட்டிருக்கான், பாருங்க."

"அக்கா, தட்டுல நானும் பத்து வருஷம் கொன்னேன். பாத்திரம் கழுவுற சோப்ப ஊத்தினாலும் சாகும். அதுக்காக சோப்பக் குடிப்பீங்களா?"

"நீங்கதான் அந்த வேலைய விட்டுட்டீங்களே, எப்படி நம்புறது?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "பயமா இருக்கு, தங்கச்சி."

அதற்குப் பிறகு நான் அறிவியல் பேசவில்லை. கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் போட்டுப் புதிய தேதி வாங்கினோம்.

அறுவை சிகிச்சையன்று தமிழ்த் தாதி ஒருவர் என்னைக் காட்டி, "ஃபேமிலியா?" என்றார்.

"இல்ல லா, இவங்க இந்தியாக்காரங்க," என்ற செல்வி அக்கா, என் கையை விடாமலே சேர்த்துச் சொன்னார்: "ஆனா என் தங்கச்சி."

கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாகவும் சிகிச்சை இன்னும் தொடரும் என்றும் மாலையில் சொன்னார்கள். திருச்சிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்ல வாசலுக்கு வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடி, மறுபடி எப்ப வேலைக்குப் போவ?" என்றார். அங்கே அம்மாவின் பக்கத்தில் இருந்த யாரோ, போனில் யாரென்று விசாரித்திருக்க வேண்டும். "எங்க சிங்கப்பூர்க்காரிதான்," என்று அவர் பெருமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

முதுகில் மருத்துவமனைக் குளிர், முகத்தில் தெருவின் புழுக்கம். தானியங்கிக் கண்ணாடிக் கதவு மூடப் பார்த்தது. நடுவில் நான் நிற்பதை உணர்ந்து மறுபடி திறந்துகொண்டது.