இலைச்சாக்கில் இருந்த ஆமை

எங்கள் வீட்டு ஆமைத்தொட்டிக்கு வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றுவது என் வேலையாகிவிட்டது. ஆமை என் மகளுடையது. ஆசையாக வாங்கினாள், ஆறு மாதம் வளர்த்தாள், படிப்புக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டாள். விடுதியில் ஆமைக்கு இடமில்லை. பழைய தண்ணீரை வாளியில் இறைத்துக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, பழைய டூத் பிரஷால் ஆமையின் ஓட்டை மெதுவாகத் தேய்த்து, மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்துவிட்டுக் காக்கைக்குக் காவலிருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

விற்ற கடைக்காரத் தம்பி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினானாம். ஆமை எந்நேரமும் தண்ணீரிலேயே கிடக்கக் கூடாது, ஏறிக் காய ஒரு கல் வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடிக்கிற வெயில் போதாது, நேர் வெயில் பட வேண்டும், இல்லாவிட்டால் ஓடு மெலிந்துவிடும். ஈரம் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். மகள் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அந்தத் தாள் வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் படிக்கும்போதே ஒரு ஆமையைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோய் இதையெல்லாம் தெரிந்துகொண்டவள் நான்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு கிடையாது. அம்மா காலையில் இலையும் தூளும் பரப்பிய சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாள். பீடி இலைக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்வரைதான் அது சொன்னபடி கேட்கும். வெயிலோ காற்றோ பட்டால் காய்ந்து, சுற்றும்போது வெடித்துவிடும். அதனால் இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுருட்டி, வீட்டிலேயே இருட்டான மூலையில் வைத்திருப்பாள். ஜன்னல் சாத்தியே இருக்கும். மின்விசிறி எங்கள் வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டோம். உலகத்தில் எதையும் கெடாமல் வைத்திருக்க ஈரமும் இருட்டும் வேண்டும் என்றே நான் நம்பியிருந்தேன்.

அந்த ஐப்பசி மழையில், என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கன்னடியன் கால்வாயிலிருந்து ஒரு கருப்பு ஆமையைப் பிடித்து வந்தார். என் கையளவுதான் இருக்கும். ஆற்று ஆமையைப் பிடித்து வளர்ப்பது குற்றம் என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. மாமாவுக்கு அப்போது வேலை எதுவும் இல்லை. ஆனால் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

அம்மா ஆமையைப் பார்த்ததும் சுளகை இறக்கி வைத்துவிட்டாள். "ஏலே, ஆமை வீட்டுக்கு ஆகாதுலே. எடுத்த எடத்துலயே கொண்டு போட்டுட்டு வா" என்றாள். மாமா சரி என்று வெளியே போய், கொல்லை வழியாகச் சுற்றி வந்து என் கையில் கொடுத்துவிட்டார். எப்படி வளர்ப்பது என்று கேட்டேன். "ஈரம் காயவே கூடாதுட்டி. காஞ்சா ஓடு வெடிச்சிரும்" என்று அடித்துச் சொன்னார்.

எனக்கு அது உடனே புரிந்தது. இலையும் அப்படித்தானே.

மூலையில் இரண்டு சாக்குகள் இருந்தன. ஒன்றில் நல்ல இலை. மற்றதில் ஓட்டை விழுந்த கழிவு இலை. அதை அம்மா தொடவே மாட்டாள். ஆமையை அதற்குள் வைத்து வாயைக் கட்டினேன். அம்மா இலைக்குத் தண்ணீர் தெளிப்பது போலவே நானும் காலையும் மாலையும் ஆமைக்குத் தெளித்தேன். சுற்றிய பீடியைக் கொடுத்து இலை வாங்க அவள் பீடிக்கடைக்குப் போகிற நேரத்தில் வெளியே எடுத்து மண்புழுவும் சோறும் வைப்பேன். மூன்று வாரம் இப்படிப் போனது. ஆமை நாளுக்கு நாள் சாதுவாகிக்கொண்டு வந்தது. என்னிடம் பழகிவிட்டது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியதையும் நான் கவனிக்கவில்லை. பீடித்தூள் நெடி எங்கள் வீட்டில் எல்லா வாடையையும் மூடிவிடும்.

ஒருநாள் கடையில் கொடுத்த இலை மோசமாக இருந்தது. கழிவு இலையில் தேறுவதைப் பொறுக்கலாம் என்று அம்மா அந்தச் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டாள். அவள் போட்ட சத்தத்தில் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்த மாமா ஓடி வந்தார்.

"ஏட்டி, இது என்னது?"

மாமா முந்திக்கொண்டார். "மழையில்லா அக்கா, தானா உள்ள வந்திருக்கும்."

"தானா வந்து, சாக்கு வாயையும் தானே கட்டிக்கிடுச்சாக்கும்?"

அம்மா ஆமையைத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப்பக்க ஓட்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள். ஓரத்தில் நகத்தால் அழுத்தினாள். ஓடு அமுங்கியது. அவளுடைய கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"பூசணம்லா பிடிச்சிருக்கு" என்றாள். நனைந்த இலை கூடுதலாக இரண்டு நாள் கிடந்தால் இதே வெள்ளைதான் படரும். அது அவளுக்குத் தெரிந்த எதிரி. "இலைய வைக்க மாரியா உசிர வைப்பாவ?"

"மாமாதான் சொன்னாவ, காஞ்சா வெடிச்சிரும்னு."

அம்மா தம்பியைப் பார்த்தாள். "ஒனக்கு எவம்லே சொன்னான்?"

"பொதுவாச் சொன்னேன்க்கா" என்றார் மாமா. வாய்க்காலில் கொண்டு விட்டுவிடுவதாகவும் சொன்னார். நான் அழ ஆரம்பித்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஆமையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இந்தப் புண்ணோட தண்ணியில விட்டா செத்துல்லா போவும். ஆறட்டும். ஆறின மறுநாள் இது இங்கன இருக்கக் கூடாது, ஆமா."

உப்புத்தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் வைக்கச் சொன்னாள். பாதிக் கல்லில் வெயிலும் பாதியில் முருங்கை நிழலும் இருக்க வேண்டும், சூடு தாங்காவிட்டால் அது தானே நகர்ந்துகொள்ளும் என்றாள். தின்பதற்கு மட்டும் சிறிது நேரம் தண்ணீர். மற்ற நேரம் காய்ந்த இடம். நாள்தோறும் வேறு தண்ணீர். ஆமையை அதற்கு முன் அவள் தொட்டதுகூடக் கிடையாது. பூசணத்தைத்தான் அவளுக்குத் தெரியும்.

காவல்தான் சிக்கலானது. நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். முதல் நாள் மாமாவை உட்கார வைத்தோம். அவர் டீக்குடிக்கப் போன நேரத்தில் காக்கை வந்து ஓட்டோரத்தைக் கொத்திவிட்டது. மறுநாள் அம்மாவே சுளகோடு கொல்லைக்கு வந்தாள். பத்துப் பீடி சுற்றுவதற்குள் இலை காய்ந்து வெடித்தது. தூள் காற்றில் பறந்தது. ஆமைக்கு ஆகிற வெயில் இலைக்கு ஆகவில்லை. ஆகவே சுளகை உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள்.

மத்தியானம் சோற்றுக்கு நான் வீட்டுக்கு வரும்போது அம்மா கொல்லைச் சுவரில் சாய்ந்திருப்பாள். கால்களை நீட்டியிருப்பாள். இலைக்கறை படிந்த கைகள் மடியில் மல்லாந்து கிடக்கும். கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருப்பாள். அதுவரை அவள் காலை நீட்டி நான் பார்த்ததே இல்லை. காவலிருக்கச் சொன்னால் தூங்குகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வரும். காக்கையை விரட்டுவது போல வேண்டுமென்றே சத்தம் போடுவேன்.

பக்கத்துவீட்டு அத்தை வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "என்ன மைனி, சொகமா வெயில் காயுதியளா?"

"நானா? ஆமையில்லா காயுது" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த மாதம் பீடிக்கட்டு குறைந்து கடையில் ஏச்சு வாங்கினாள். ஆனாலும் மழை வெறித்த நாளெல்லாம் ஆமை கல்லுக்கு வந்தது. வெள்ளைத் திட்டுகள் காய்ந்து உதிர்ந்தன. ஓரம் இறுகியது. தை பிறந்தபோது ஆமையைத் தொட்டால் சீறியது. அதற்கு முன்பு இருந்தது சாதுத்தனமல்ல, சாவு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா அதன் வயிற்றை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "ஆறிட்டு. கொண்டு விட்டுருங்க" என்றாள்.

நானும் மாமாவும் கன்னடியன் கால்வாயில் விட்டோம். அது திரும்பிப் பார்க்கவில்லை. வருத்தம்தான், ஆனால் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிமிர்வும் எனக்கு இருந்தது. மறுநாள் மத்தியானம் கல் காலியாகக் கிடந்தது. அம்மா உள்ளே, இருட்டில், சுளகுக்குப் பின்னால் இருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு திருநெல்வேலியில் ஒரு டாக்டர் அம்மாவின் எலும்புப் படத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் வெயிலே படாமல் இருந்தார்களா என்று என்னிடம் கேட்டார். நான் யோசித்துவிட்டு, ஒரு தடவை ரெண்டு மாதம் பட்டிருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தத் தை மாதம், ஆமையை விட்டுப் பத்து நாள் இருக்கும். அம்மா இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கத்தரியை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ஏட்டி, மாமாட்டச் சொல்லி இன்னொரு ஆமை பிடிச்சிட்டு வரச் சொல்லேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஆமை வீட்டுக்கு ஆகாதுன்னு நீதானம்மா சொன்ன?"

"ஆமா, சொன்னேம்லா" என்று அவளும் சிரித்தாள். அடுத்த இலையை எடுத்து அளவுத்தகட்டை அதன்மேல் வைத்தாள்.

மாமாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கால்வாயில் அந்த வருடம் மாசி வரைக்கும் தண்ணீர் இருந்தது, ஆமைகளும் இருந்தன. நாங்கள் யாரும் போகவில்லை.