தொய்ந்த கம்பியும் நைனாவின் வலையும்

போன வாரப் புயலில் உங்கள் வீட்டில் என்ன போயிற்று? ஓடா, வேலியா, முருங்கை மரமா? எங்கள் ராயபுரம் சந்தில் கரன்ட் போயிற்று. நாலைந்து நாளாகத் தெருவிளக்கே இல்லை.

பொய் சொல்வானேன்? எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலமானால் துறைமுகப் பக்கம்கூட இருட்டு. கடல் மட்டும் எங்கேயோ கொஞ்சம் வெளிச்சத்தை ஒளித்து வைத்திருப்பதுபோல் மெல்ல மின்னும். வீடுகள் எல்லாம் நங்கூரம் போட்ட படகுகளாக நிற்கும்...

இருட்டுக்குத் தயாராவதில் எங்கள் சந்தை மிஞ்ச முடியாது. வானம் கறுத்ததுமே அம்மா விளக்குச் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்துவிடுவாள். தீப்பெட்டி தகர டப்பாவுக்குள் போய்விடும். மண்ணெண்ணெய், குடிதண்ணீர் — எல்லாம் தயார்.

ஆனால் ஒரு கெட்ட வழக்கமும் உண்டு. கரன்ட் போய்விட்டால் விளக்குக் கம்பம் எங்களுடையது! மணல் ஈரமாக இருந்தால், வலையைக் கம்பியில் வீசிக் காயப்போடுவார்கள்.

அன்று என் நைனாவும் அதற்குத்தான் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நைனா என்றால் அப்பா; மீன் பிடிப்பவர். பருத்தி நூல் வலை. நாலு நாள் ஈரம். இன்னும் ஒரு ராத்திரி அப்படியே கிடந்தால் மக்கிவிடும். வலை காயப்போட நட்டிருந்த மூங்கில்களைப் புயல் கொண்டுபோய்விட்டது. கம்பியோ, வா வா என்பதுபோல் கை எட்டும் உயரத்துக்குத் தொய்ந்து கிடந்தது.

"நைனா, அந்தக் கம்பியாண்ட போவாத!" என்று கத்தினேன்.

"ஏம்மே? அதான் கரன்ட்டு செத்துப் பூட்ச்சே."

"சாவல நைனா. எங்கியோ நிறுத்தி வச்சிகிறாங்க. உன்னைக் கேட்டுகினா திரும்ப வுடுவாங்க?"

பக்கத்து வீட்டு லூர்து மாமா சிரித்தார். "இன்னாப்பா, உன் பொண்ணு கரன்ட்டுக்கே பாடம் நடத்துது!"

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வலை மக்கிப் பூட்ச்சின்னா இன்னாத்த துன்றது? உன் பொஸ்தகத்தையா?"

சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் பள்ளிக்கூடச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இந்த வலையிலிருந்துதானே! பெருமை வலையைக் காய வைக்குமா?

பேச்சை நிறுத்தினேன். தொங்கிய வலை முனையைப் பிடித்துக்கொண்டு, கம்பத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நடந்தேன். மறுமுனை நைனாவின் தோளில். வேறு வழி? அவரும் வந்தார்.

"ஐயே, இவ்வளோ பெரிய ஆளை இட்டுகினு போவுது பாரு!" என்று லூர்து மாமா ஓடிவந்து நடுவில் பிடித்தார். அம்மா ஒரு பக்கம். மூங்கில்களுக்குப் பதில் நாங்களே தலைக்குமேல் தூக்கினோம். காற்று வலைக்குள் புகுந்தது. வலை பாய்போல் உப்பியது. கண்ணிகள் வழியே, முளைக்கத் தொடங்கிய நட்சத்திரங்கள்... நாங்கள் வானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமா, வானம் எங்களையா? கை வலித்ததுகூடத் தெரியவில்லை.

அப்போது எங்களுக்குப் பின்னால் 'பட்'டென்று ஒரு சத்தம். தொய்ந்த கம்பி கம்பத்து இரும்பில் உரசிய இடத்தில் நீலமாய் ஒரு பொறி தெறித்தது. சந்து முழுக்க விளக்குகள் எரிந்தன.

லூர்து மாமா சிலுவை போட்டுக்கொண்டார்.

இருட்டுக்கு எல்லோரும் தயாராகிறோம். வெளிச்சம் திரும்பி வருவதற்கு யார் தயாராகிறோம்? அது சொல்லிக்கொண்டு வராதே! கம்பி அறுந்து கிடந்தாலும் சரி, தொய்ந்து தொங்கினாலும் சரி — உயிரோடு இருக்கிறது என்றே நினைத்து எட்டி நில்லுங்கள். அதைத் தொட மின்சார ஆபீஸ் ஆட்கள் வரட்டும்.

"இன்னாத்த பாத்துகினு கீறீங்க? தூக்கிப் புடிங்க!" என்று நைனா அதட்டினார். அவர் கையில் இருந்த வலை முனை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கேட்டால், காற்று என்கிறார்.