எந்த டிரில் மெஷின் வாங்குவது

மண்ணூர்பேட்டையில் நாங்கள் போன ஹார்டுவேர் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு செங்கல் கிடக்கும். டிரில் மெஷின் வாங்க வருகிறவர்கள் அதில் ஓட்டை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். என் நாத்தனார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் செங்கல்லின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு மெஷினாகக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவுவார். உதட்டைப் பிதுக்குவார். மூக்கு நுனியெல்லாம் செங்கல் தூள். கடைக்காரர் மட்டும் அவரைப் பார்க்காமல், கூட வந்திருந்த என் கணவரிடமே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அக்காகிட்ட சொல்லுங்க" என்று என் கணவர் கெஞ்சியும் பார்த்தார்.

என் கணவரின் அக்கா அவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் நின்றபடியே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போய், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வந்துவிட்டவர். திருமழிசை, குத்தம்பாக்கம் பக்கம் புதிதாக எழும்பிய பிளாட்டுகளில் கொசுவலை, திரைச்சீலைக் கம்பி, துணி காயப்போடும் சீலிங் ஹேங்கர் எல்லாம் நானும் அவருமாகப் போய் மாட்டிக் கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. "பகல்ல பொம்பளைங்க தனியா கீறாங்கோ. ஆம்பள போனா கதவத் தொறக்கவே யோசிக்கிறாங்கோ. நாம போனா காபி குடுப்பாங்கம்மே" என்றார். காபி கிடைத்ததோ இல்லையோ, யோசனை நல்ல யோசனை. ஆனால் ஒரு வீட்டில் வேலை கெட்டால் போதும், அந்த பிளாட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி பரவி எல்லாக் கதவும் மூடிவிடும். அப்புறம் திரும்பவும் கம்பெனி வாசல்தான்.

அதனால்தான் அந்த மெஷினுக்கு அத்தனை யோசனை. கடைக்காரர் வாட்ஸ் என்றார், ஆர்பிஎம் என்றார், இம்பாக்ட் வேறு ஹேமர் வேறு என்றார். யூடியூப்பில் ஒருவர் எதை வாங்கு என்றாரோ, அடுத்தவர் அதைத் தொடாதே என்றார். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அண்ணி செங்கல்லை நம்பினார். கைக்கு அடக்கமான, விலையும் மலிவான ஒரு மெஷின் அதில் பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் இறங்கியது. அதையே வாங்கினோம்.

முதல் வேலைக்குப் போன பிளாட்டில் செங்கல்லே இல்லை. சுவரைக்கூட கான்கிரீட்டிலேயே வார்த்துவிடுகிறார்களாம். எங்கள் வீடுகளில் கூரைதான் கான்கிரீட், சுவர் செங்கல். உலகத்தில் எல்லாச் சுவரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். மெஷின் நின்ற இடத்திலேயே சுற்றியது. விபூதி மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் தூள் கொட்டியது, பிறகு கருகல் வாடை வந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்த அந்த வீட்டுப் பெண், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அண்ணி ஏணியிலிருந்து இறங்கி, "கண்ணு, உன் செவுரு ரொம்ப கெட்டி. நாளைக்கி அதுக்கேத்த ஆயுதத்தோட வர்றோம்" என்றார். என்ன தோன்றியதோ, அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

மறுநாள், சுத்தியல் மாதிரி இடித்துக்கொண்டே துளைக்கிற ஹேமர் மெஷினோடு போனோம். நல்ல கனம். விலையும் அதிகம், உதறலும் அதிகம், ஆனால் எந்தக் கான்கிரீட்டும் அதன் முன் நிற்கவில்லை. அந்த பிளாட் முழுக்க எங்களைக் கூப்பிட்டது, பக்கத்து பிளாட்டும் கூப்பிட்டது. ஏணிமேல் நின்று, தலைக்குமேல் அதைத் தூக்கிப் பிடித்து, வருடக்கணக்கில் அண்ணிதான் ஓட்டினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கம்பெனி வாசலை நாங்கள் மறந்தேபோனோம்.

பிறகு அவருடைய வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ஒரு ஸ்குரூவைக் கிள்ளி எடுக்க முடியவில்லை. டம்ளர் நழுவியது. மெஷினின் உதறல் நரம்பில் ஏறிவிட்டது, இனி அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஏணிமேல் நான் ஏறுகிறேன், கீழே அவர் பிடித்துக்கொள்கிறார். முதல் நாளே எங்களைக் கைவிட்ட மெஷின் கெட்டதா, சோறு போட்டுவிட்டுக் கையைக் கேட்ட மெஷின் கெட்டதா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த ஹேமரை நன்றியோடு பார்ப்பதா, ஆத்திரத்தோடு பார்ப்பதா என்றும் தெரியவில்லை.

அந்த ஹேமர் மெஷின் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. இருவரும் அதே கடைக்குப் போனோம். உதறல் குறைவான, பேட்டரியில் ஓடும் ஒன்றைக் காட்டினார்கள். கையில் பிடித்ததும் விடவே மனம் வரவில்லை. விலையைக் கேட்டதும் தானாக விட்டுவிட்டேன். எங்கள் கைக்கு எட்டியது பழைய மாதிரியேயான இன்னொரு கனத்த மெஷின்தான்.

"இதான் சரி. கான்கிரீட்டுல நின்னு பேசும்" என்றார் அண்ணி கடைக்காரர் காதில் விழும்படி. பிறகு என் பக்கம் குனிந்து, "வாணாம்மே" என்றார். நான் மெஷினைக் கீழே வைத்தேன். "அப்ப நாளைக்கி வேலைக்கு இன்னா பண்ணுவ?" என்று அவரே கேட்டார். இதில் எந்தப் பேச்சைக் கேட்பது? அவருக்கும் தெரியவில்லை.

பில் போடச் சொன்னேன்.

வெளியே வந்ததும் அண்ணி பையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். வலது கையில் நிற்கவில்லை, நழுவியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தார். "குடுங்கண்ணி, நான் தூக்கிட்டு வர்றேன்" என்று பின்னாலேயே ஓடினேன்.

"பஸ் ஸ்டாப் வரிக்குமாவது நான் தூக்கினு வர்றேன், உடு" என்றார் திரும்பிப் பார்க்காமல். "அப்பாலே நீதானே தூக்கப்போறே."