பத்திரிகையில் ஏறிய தேன்

சென்றாயன், மலையூர்கள் சில சேர்ந்த குண்டூர் நாட்டில் தேன் எடுப்பவன். சித்திரை பிறந்தால் பாறை முகட்டிலிருந்து காட்டுக் கொடியைத் தொங்கவிட்டு இறங்குவான். மேலே கொடியைப் பிடித்துக்கொள்வது மச்சான் மாதன். கை காலெல்லாம் கொட்டு வாங்கி எடுத்த தேனை, ஒரு நாள் முழுக்க நடந்து அடிவாரத்துச் சந்தைக்குச் சுமந்து போவான். அங்கே மண்டி வைத்திருந்த காளியண்ணன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, வருடம் தவறாமல் ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

"தண்ணி கலந்திருக்குதடா."

பிறகு அவர் வைத்ததுதான் விலை.

முப்பத்தாறாம் வருடம் வைகாசியில் அவர் அதையே நாலு பேர் எதிரில் சொல்லிச் சிரித்தார். சென்றாயன் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். தன் தேனைப் பற்றித் தானே ஊருக்குச் சொன்னால் என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தோன்றியது.

முதலில் தமுக்கு அடிக்கும் செல்லமுத்துவிடம் போனான்.

"அதுக்கென்ன சாமி? அடுத்த சந்தையில நாலு மூலையிலும் அடிச்சுச் சொல்லிப்போடறேன். நீ பானையோட வந்து நின்னாப் போதும்" என்றான் செல்லமுத்து.

சென்றாயனுக்கு ஆசைதான். ஆனால் தமுக்குச் சத்தம் முதலில் மண்டிக்குத்தான் கேட்கும். தேன் விற்காமல் போனால், மிளகையும் கடுக்காயையும் தூக்கிக்கொண்டு அதே காளியண்ணன் முன்னால்தானே போய் நிற்க வேண்டும்? பார்க்கலாம் என்று சொல்லி நழுவிவிட்டான்.

அச்சாபீசில் நோட்டீசு அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். பயாஸ்கோப்புக்காரன் விநியோகித்த நோட்டீசில் அன்று மாலையே கடலை மடித்துக் கொடுத்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். அதுவும் வேண்டாம் என்றான்.

அச்சாபீசிலேயே பத்திரிகை ஏஜெண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "பத்திரிகையில போட்டா மெட்ராசு வரைக்கும் தெரியும். இந்தச் சந்தையில ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சில் சென்றாயன் விழுந்துவிட்டான். வளர்த்த கிடாயை விற்று விளம்பரத்துக்குக் கொடுத்தான். ஏஜெண்டு விலாசம் கேட்டார்.

"குண்டூர் நாட்டுச் சென்றாயன்னா மலையில அல்லாருக்கும் தெரியுமுங்க."

ஏஜெண்டு சிரித்துக்கொண்டே எழுதினார். மலைக்குத் தபால்காரர் ஏறுவதில்லை. மலைக் கடுதாசியெல்லாம் காளியண்ணன் மண்டிக்குத்தான் வரும். ஆகவே அவனிடம் சொல்லாமலே மண்டியின் பேரையும் சேர்த்துப் போட்டார். சென்றாயனுக்கு எழுத்துத் தெரியாது. தன் பேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மலையேறினான்.

அவன் நினைப்பெல்லாம், பத்திரிகையைப் பார்த்தவர்கள் தேனைத் தேடி மலைக்கு வருவார்கள் என்பதுதான். அந்த வருடத் தேன் முழுவதையும் பானைகளில் ஊற்றித் துணி கட்டி வைத்தான். அவன் பெண்டாட்டி இருசாயி, வருகிறவர்களுக்கு ஒரு வாய் சோறு போட வேண்டுமே என்று சாமையைத் தனியாக எடுத்து வைத்தாள். சென்றாயன் காலையில் போய்ப் பாதை ஏறும் இடத்தில் உட்கார்ந்தால் வெயில் இறங்கித்தான் திரும்புவான். இடையில் ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று சந்தைக்குக்கூட இறங்கவில்லை. மூன்று மாதத்தில் அந்தப் பாதையில் வந்த வெளியாட்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மை குத்த வந்தவர். இன்னொருவர் காணாமல் போன மாட்டைத் தேடி வந்தவர்.

ஆடி மழை விடாமல் பிடித்தது. ஒரு நாள் பானை வாய்த்துணி உப்பி நின்றதை இருசாயி பார்த்தாள்.

"ஏனுங்க, புளிச்ச வாடை அடிக்குதுங்க."

தேன் நுரைத்திருந்தது. ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் அப்படித்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் ஆவணியில் ஒரு பானையைச் சுமந்துகொண்டு மண்டிக்கு இறங்கினான்.

மண்டியில் சீசாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேன், மேலே ஒட்டிய அச்சுக் காகிதம். காளியண்ணன் கோபப்படவில்லை. கம்பியில் குத்தி வைத்திருந்த தபால் கார்டுகளை உருவி அவன் கையில் கொடுத்தார். இருபதுக்கு மேல் இருக்கும்.

"உன்ற பேருக்கு வந்ததுதான் சென்றாயா. வைத்தியருங்க, கடைக்காரங்க, அல்லாரும் தேன் கேட்டு எழுதியிருக்காங்க. நீ எறங்கி வருவேன்னு நானும் மொதல்ல எடுத்துத்தான் வெச்சேன்."

"ஆளுக மேல வருவாங்கன்னு இருந்தேனுங்க."

"யாருடா மலையேறி வருவாங்க? மறுபடியும் எழுதிக் கேட்டாங்க. பக்கத்து நாட்டுத் தேனை வாங்கி நான் அனுப்பிச்சுட்டேன். இப்ப மாசா மாசம் கேக்கறாங்க."

பானையைத் திறந்து முகர்ந்தார். "புளிச்சுப்போச்சே" என்றார். இந்த முறை அவர் சொன்னது உண்மை. சென்றாயன் கார்டுகளைத் திருப்பிப் பார்த்தான். எந்தக் கார்டில் எந்த ஊர் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அவற்றை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தான்.

வெளியே செல்லமுத்து பார்த்துவிட்டான். "ஏஞ்சாமி, அன்னிக்குப் பாக்கலாம்னு போனவன் வரவே இல்லியே? ஒரே சந்தையில வித்துத் தந்திருப்பனே!" சென்றாயன் நிற்காமல் நடந்தான்.

மறு வருடமும் காட்டிலாகா தேன் எடுக்கும் உரிமையை ஏலம் விட்டது. முன்பெல்லாம் அதைக் கேட்க ஆளே இருக்காது. வெளியூர்க் கிராக்கியை அறிந்திருந்த காளியண்ணன் மலை முழுவதையும் ஏலம் எடுத்தார். அதன் பிறகு, எந்தப் பாறையில் யார் எடுத்தாலும் தேன் அவருடையது, எடுத்தவனுக்குக் கூலி.

சென்றாயன் இரண்டு சித்திரைக்குக் கூலிக்கு இறங்கினான். மூன்றாம் வருடம் மாதன் கொடியோடு வந்து கூப்பிட்டபோது, களை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"நீ வேற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போ மச்சா" என்றான்.

மாதன் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இருசாயி பக்கத்துச் சாலில் உட்கார்ந்து களை பிடுங்கினாள்.